ஞானப்பல்லை எடுக்க அஞ்சலாமா?

(மலாக்கா மாநிலத் தோட்டமொன்றின் மண்டபத்தில் நிகழ்த்திய உரை)

 

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்து, நிறுவையையும் முடித்துவிட்டு இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். களைப்போடு வந்திருக்கும் உங்களிடம் நீட்டிப் பேசுவது முறையன்று. எனினும் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள், கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும், பலருடைய உறக்கத்தையும் ஊதியத்தையும் கெடுத்து வருகின்ற ஒன்றாகும். ஞானப்பல்லை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் கூறிய பின்னரும், அச்சத்தினால் நாளைக் கடத்திக் கொண்டிருப்போரைப் பற்றியே பேச வந்துள்ளேன். இத்தோட்டத்திலும் அத்தகையோர் இருக்கின்றனர் என்று என்னை அழைத்தவர்கள் கூறினர். யார் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நானே ஒரு காலத்தில் அப்படி இருந்தவன் என்பதை மட்டும் முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வாயின் இருபுறமும், மேலும் கீழுமாக, கடைக்கோடியில் முளைக்கின்ற நான்கு பற்களையே ஞானப்பற்கள் என்கிறோம். பெரும்பாலும் 17 வயதிற்கும் 25 வயதிற்கும் இடையில் முளைப்பதால், அறிவு முதிரும் பருவத்தில் வருகின்ற பல் என்னும் பொருளில் இப்பெயர் ஏற்பட்டது. நம் மலாய் அன்பர்கள் இதனைக் ‘கெராஹாம் போங்சு’ என்பர். போங்சு என்றால் வீட்டின் கடைக்குட்டி. என்னைக் கேட்டால் இந்தப் பெயரே பொருத்தமானது என்பேன். எட்டுப் பிள்ளைகள் படுத்துறங்கிய பழைய லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். மூத்தவர்கள் எல்லாரும் வரிசையாகப் பாயில் இடம் பிடித்துக்கொண்ட பிறகு வருகின்ற கடைக்குட்டி என்ன செய்வான்? கிடைத்த மூலையில் குறுக்கே படுத்துக்கொள்வான். ஞானப்பல்லும் அவ்வாறே. தாடையில் இடமில்லாதபோது சாய்ந்தும், படுத்தும், பாதி ஈற்றுக்குள் புதைந்தும் கிடக்கின்றது. அந்த ஈற்று மடிப்பினுள் உணவு தங்குகின்றது. தூரிகை அங்கே எட்டுவதில்லை. ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கின்றது. முன்னால் இருக்கும் நல்ல பல்லும் சில வேளைகளில் சொத்தையாகின்றது.

ஆயினும் எல்லா ஞானப்பற்களையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எந்த நோயும் இன்றிப் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை, வருமுன் காப்பதாகக் கருதி எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆகவே மருத்துவர் உங்களிடம் ‘எடுக்க வேண்டும்’ என்று சொன்னால், ‘ஏன்?’ என்று பணிவோடு கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் தெரிந்துகொண்டு நாற்காலியில் அமர்பவரின் அச்சம் பாதியாகக் குறையும். இனி என் கதைக்கு வருகிறேன்.

1976-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது 23 வயது. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். இடப்புறக் கீழ்த்தாடையில் வலி தொடங்கியது. தோட்ட மருந்தகத்தில் பார்த்துவிட்டு, ‘இது ஞானப்பல், பட்டணத்திற்குப் போய் எடுத்துவிடு’ என்றார்கள். நான் போகவில்லை. ஒன்பது வயதில், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், ஊசி மருந்து நன்றாக மரத்துப் போகுமுன்னே என் பால்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். நான் திமிறினேன். இருவர் என் கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டனர். பல் வலி மறுநாளே மறந்துவிட்டது. அந்தக் கைகள் மறக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் சென்ற பின்னும், பல் மருத்துவர் என்றதுமே என் மணிக்கட்டில் அந்த அழுத்தத்தை உணர்ந்தேன்.

இதனை யாரிடமும் நான் சொல்லவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை, இருட்டில் பாம்பு கிடக்கும் காட்டில் தனியே நிரை பிடித்து மரம் வெட்டுகிறவன், ஒரு பல்லுக்கு அஞ்சுகிறான் என்றால் சிரிக்கமாட்டார்களா? ஆகவே ‘வேலை இருக்கிறது’, ‘அடுத்த சம்பளம் வரட்டும்’, ‘திருவிழா முடியட்டும்’ என்று சாக்குச் சொன்னேன். லயத்தில் உள்ளவர்களோ, எனக்குத் தைரியம் சொல்வதாக எண்ணி, ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் தம் மாமனுக்குத் தாடை எலும்பே பெயர்ந்துவிட்டது என்றார். இன்னொருவர், பல்லை எடுக்க இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள் என்றார். கேட்கக் கேட்க வலி கூடிற்று.

இத்தகைய கதைகளைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. ஜெரி கென்ட் என்னும் அறிஞர் 1985-இல் அதனை வெளியிட்டார். பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம், எவ்வளவு வலிக்கும் என எதிர்பார்க்கிறீர்கள் என்று முன்னதாகவும், எவ்வளவு வலித்தது என்று சிகிச்சை முடிந்தவுடனும் கேட்டார். மூன்று திங்கள் சென்றபின், அன்று எவ்வளவு வலித்தது என்று மீண்டும் கேட்டார். அச்சம் மிகுந்தவர்கள், தாங்கள் பட்ட வலியை விட்டுவிட்டு, முன்பு எதிர்பார்த்த வலியை ஒட்டியே விடை சொன்னார்கள். அதாவது, காலம் செல்லச் செல்ல அனுபவம் மங்கி, அச்சம் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. லயத்தில் எனக்குக் கதை சொன்னவர்கள் பொய்யர்கள் அல்லர். அவர்கள் நினைவில் இருந்ததையே சொன்னார்கள். ஆனால் அவர்கள் நினைவில் இருந்தது நடந்தது அன்று.

சரி, நாளைக் கடத்தியதால் நான் கண்ட பயன் என்ன? கிராம்பு வைத்தேன், சற்றுத் தணிந்து மீண்டும் வந்தது. வலி மாத்திரையை விழுங்காமல் ஈற்றின்மேல் வைத்து அடக்கினேன். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. இன்றும் சிலர் இதைச் செய்கிறார்கள்; தயவு செய்து செய்யாதீர்கள், அம்மாத்திரை வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். ஒரு நாள் இரவு சம்சு குடித்து வாயில் ஊறவைத்தேன், தலைவலிதான் மிச்சம். மூன்றாம் மாதம் ஒரு காலை எழுந்தபோது வாய் திறக்கவில்லை. இரண்டு விரல் நுழையாத அளவிற்குத் தாடை இறுகிவிட்டது. காய்ச்சல் அடித்தது. என் தாயார் கஞ்சியை வடித்து, கரண்டி நுழையாமல், பல்லிடுக்கின் வழியே ஊற்றினார்கள். தாடைக்குக் கீழே வீக்கம் இறங்கத் தொடங்கியபோது மருந்தகத்தார் என்னைக் கேட்கவில்லை; தோட்டத்து வண்டியில் ஏற்றி மலாக்கா பொது மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் அவ்வளவு அவசரப்பட்டதன் காரணத்தைப் பின்னாளில், நானே தோட்ட மருந்தகமொன்றில் பணியில் அமர்ந்த பிறகுதான் அறிந்தேன். கீழ்த்தாடை ஞானப்பல்லில் பிடித்த சீழ், நாவின் அடிப்புறத்திற்கும் கழுத்திற்கும் பரவுமானால், மூச்சுக்குழாயை நெருக்கி உயிருக்கே இறுதியாகலாம். விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், நாக்கு மேலே தூக்கப்படுதல், கழுத்து வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினும், அது நள்ளிரவாயினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இங்கே அச்சப்பட வேண்டியது பல்லை எடுப்பதற்கு அன்று, எடுக்காமல் இருப்பதற்கு.

மருத்துவமனையில் அன்றே பல்லை எடுக்கவில்லை. முதலில் மருந்து கொடுத்து வீக்கத்தை வற்றச் செய்தனர். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். என் வாழ்வில் மிக நீண்ட வாரம் அதுதான். குறித்த நாளில் சென்றபோது, பல் மருத்துவர் கருவிகளை எடுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே அமர்ந்தார். அருகில் உதவிக்கு நின்றவர் ஒரு தமிழ் அம்மையார். மருத்துவர் மலாயில் கேட்டதை அவர் தமிழில் கேட்டார்: “தம்பி, எதற்குப் பயப்படுகிறாய்? ஊசிக்கா, வலிக்கா, இரத்தத்திற்கா?”

“பயம் ஒன்றும் இல்லை, அக்கா” என்றேன். என் கைகள் நடுங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லையென்றால் நல்லதுதான். இருந்தால் சொல்லிவிடு. சொன்னால்தானே டாக்டர் அதற்கு ஏதாவது செய்ய முடியும்?” என்றார். அதன் பிறகுதான், பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். ஊசிக்கு அஞ்சவில்லை, என்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்றுதான் அஞ்சுகிறேன் என்றேன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. “உன்னை யாரும் தொட்டுப் பிடிக்க மாட்டார்கள். உன் இடக்கை உன்னிடமே இருக்கும். அதை நீ உயர்த்தினால், நான் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிடுவேன்” என்றார். ஊசி போட்ட பிறகு, அவர் வேலை தொடங்கிய சற்று நேரத்தில், வலி ஏதும் இல்லாதபோதே நான் கையை உயர்த்திப் பார்த்தேன். அவர் சொல் உண்மைதானா என்று சோதித்தேன் என்பதை மறைப்பானேன்! அவர் நிறுத்தினார். கருவியை வெளியே எடுத்துவிட்டு, ‘என்ன?’ என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். அதன்பின் முடியும்வரை நான் கையை உயர்த்தவில்லை.

அன்பர்களே, இன்று நான் உங்களிடம் சொல்ல வந்ததெல்லாம் இதுதான். எதற்கு அஞ்சுகிறோம் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஊசி, ஒருவருக்கு இரத்தம், ஒருவருக்கு மூச்சு அடைத்துவிடுமோ என்பது, ஒருவருக்குச் செலவு. ஒவ்வோர் அச்சத்திற்கும் மருந்து வேறு. மறைத்து வைத்த அச்சத்திற்கு எந்த மருத்துவராலும் மருந்து தர இயலாது. நோயாளியின் அச்சத்தை அளந்தறிவதற்கென்றே நார்மன் கோரா என்னும் அமெரிக்கர் 1969-இல் நான்கு கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணையை அமைத்தார். உலகெங்கும் பல் மருத்துவர்கள் அதனை இன்றும் பயன்படுத்துகின்றனர். இந்த அச்சம் உங்களுக்கு மட்டும் உள்ள இழிவாக இருந்தால், அதற்கோர் அட்டவணை எதற்கு?

பல் மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். வலியின்றிப் பல்லெடுக்கும் வழியைத் தேடியவர்களுள் முதல்வரான ஹோரஸ் வெல்ஸ் ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர். சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்த ஒருவர், காலில் அடிபட்டும் வலியை உணராததை 1844 டிசம்பர் 10-ஆம் நாள் ஒரு காட்சியில் கண்டார். மறுநாளே அந்த வாயுவைத் தாமே முகர்ந்து, தம் கடைவாய்ப்பல்லைத் தம் நண்பரான ஜான் ரிக்ஸ் என்பவரைக் கொண்டு எடுக்கச் செய்தார். பிறரிடம் சோதிக்குமுன் தம் வாயையே கொடுத்தார். அவ்வாறு தொடங்கிய முயற்சி, 1884-85-இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் கீழ்த்தாடை நரம்பருகே மருந்தைச் செலுத்தி, அப்பகுதியை மட்டும் மரத்துப் போகச் செய்யும் முறையாக வளர்ந்தது. அன்று அவர் பயன்படுத்திய கொக்கேய்ன் தீங்கானது. அவரே அதற்கு அடிமையாகித் துன்புற்றார். 1943-இல் சுவீடன் நாட்டின் நீல்ஸ் லோஃப்கிரென் என்பவர் லிக்னோகேய்ன் என்னும் மருந்தை உருவாக்கினார். இன்று உங்கள் ஈற்றில் போடப்படும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது அந்த மருந்தோ அதன் இனத்தைச் சேர்ந்த மருந்தோதான்.

இந்த ஹால்ஸ்டெட்டிற்கும் நமக்கும் இன்னோர் உறவு உண்டு. பொருளை விட்டுச் சற்று விலகினாலும் சொல்லிவிடுகிறேன். அறுவை அறையில் கிருமி கொல்லும் மருந்து பட்டு, அவருடைய தாதியின் கைகள் புண்ணாயின. 1889-90-இல் அவர் குட்இயர் நிறுவனத்தாரிடம் சொல்லி, மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்வித்தார். மருத்துவத்தில் ரப்பர் கையுறை வேரூன்றிய வரலாறு அதுதான். அன்றைய ரப்பர் பிரேசில் காட்டிலிருந்து வந்தது. 1896-இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் பால்மரங்களை நட்டு, இந்நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. செம்பனை பெருகிப் பால்மரம் குறைந்துவிட்டது. கையுறைகளும் இப்போது பெரும்பகுதி செயற்கை ரப்பரால் ஆனவை. ஆயினும் 1976-இல் என் வாய்க்குள் வந்த கைகள் அணிந்திருந்தது பாலில் செய்த உறைதான். அதன் மணத்தை நான் உடனே அறிந்துகொண்டேன். நாற்பதடி அகல நிரையில் நான் நாள்தோறும் முகர்கின்ற மணம்! அது ஏனோ எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது. உங்களில் எவருக்கேனும் ரப்பர் பட்டால் தோல் தடிக்கும் குணம் இருந்தால், அதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வேறு உறை அணிவார்கள்.

இனி, நாற்காலியில் நடப்பதைச் சொல்கிறேன். எதிர்பாராதது நடக்கும்போதுதான் மனம் பதறுகிறது. முதலில் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். பல்லின் வேர் எப்படிக் கிடக்கிறது, கீழ்த்தாடையின் உள்ளே ஓடும் நரம்பிற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அதில் தெரியும். நீங்கள் ஒப்புதல் கையெழுத்து இடுமுன், அந்த நரம்பைப் பற்றி மருத்துவர் கூறுவார். பல்லை எடுத்தபின் உதட்டிலோ நாக்கிலோ மரப்பு சில நாட்களோ வாரங்களோ நீடிப்பது சிலருக்கு உண்டு; பெரும்பாலும் சரியாகிவிடும்; அரிதாகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. இதை மறைத்துப் பேசுவது உங்களை ஏமாற்றுவதாகும். உங்கள் பல்லுக்கு அந்த ஆபத்து எவ்வளவு என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஊசி குத்தும்போது சுருக்கென்று வலிக்கும். அது பத்து எண்ணுவதற்குள் அடங்கும். சில நிமிடங்களில் உதடு தடித்துத் தொங்குவதுபோல் தோன்றும். உண்மையில் தடித்திருக்காது; கண்ணாடியில் பார்த்தால் தெரியும். நெஞ்சு சற்றுப் படபடக்கலாம். மருந்தோடு கலந்துள்ள ஒரு பொருளால் அது வருவதுண்டு, விரைவில் நீங்கும். நன்றாக மரத்துவிட்டதா என்று மருத்துவர் குத்திப் பார்ப்பார். மரக்கவில்லையெனில் சொல்லுங்கள்; இன்னும் கொஞ்சம் போடலாம். வீரம் காட்ட வேண்டிய இடம் அதுவன்று.

அதன் பிறகு வலி இராது, அழுத்தம் இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் கலங்குகின்றனர். மருந்து வலியை மட்டுமே அடக்கும். தள்ளுவதையும் இழுப்பதையும் நீங்கள் உணர்வீர்கள். ஈற்றைச் சிறிது கீறுவார்கள். தேவையானால் எலும்பைச் சற்றே செதுக்குவார்கள். பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பார்கள். நறநறவென்று ஓசை கேட்கும். துண்டாக்குவது பல்லை முரட்டுத்தனமாக உடைப்பதன்று. எலும்பை அதிகம் குடையாமல் இருப்பதற்கே அவ்வாறு செய்கின்றனர். மரத்தின் உட்பட்டை காயப்படாமல் சீவத் தெரிந்தவன் நல்ல வெட்டுக்காரன் என்கிறோம். அதே கைத்திறன்தான் இது.

மூச்சை மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். கால் விரல்களை அசைத்துக் கொண்டிருங்கள். இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கி விழும் இயல்புடையோர் சிலர் உண்டு. அவர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதே மயக்கத்திற்குக் காரணம். ஆகவே உடலைத் தளர்த்தாமல், கை கால் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி விடுதலை இடைவிட்டுச் செய்ய வேண்டும் என்று சுவீடன் நாட்டு உளவியலறிஞர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் கண்டு கூறினார். வீட்டிலேயே நான்கைந்து நாள் பழகிக்கொண்டு செல்லலாம்.

நம்மவர் மயங்குவதற்கு இன்னொரு காரணம், பசி. அதிகாலையில் வெறுங்காப்பி குடித்துவிட்டு வெட்டுக்குப் போய், அப்படியே பேருந்து ஏறிப் பதினொரு மணிக்கு மருத்துவர்முன் அமர்ந்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? ஊசியால் மரக்கச் செய்து பல்லெடுப்பதாயின் வயிறார உண்டுவிட்டுச் செல்லுங்கள். முழு மயக்கம் கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டுமே பட்டினி இருக்க வேண்டும். அதனை அவர்களே நேரம் குறித்துச் சொல்வார்கள். தைரியத்திற்கென்று கள்ளோ சம்சுவோ குடித்துவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, எலும்புத் தேய்வு மருந்து, கருவுற்றிருத்தல் ஆகிய எதையும் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தியும் விடாதீர்கள்.

மேல்தாடைப் பல்லை எடுத்தால் கண்பார்வை போய்விடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. பார்வை நரம்பு வேறு. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பல்லெடுத்த முதியவருக்குச் சில ஆண்டுகளில் கண்ணில் புரை விழுந்தால், பழி பல்லின்மேல் விழுகிறது. ஞானப்பல்லை எடுத்தால் ஞானம் போய்விடுமா என்று ஒரு பாட்டி என்னை மருந்தகத்தில் கேட்டதுண்டு. என் மனைவியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். ‘சேட்டை செய்தால் பல் டாக்டரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன், ஊசி போட்டுவிடுவார்’ என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காப்பதற்கென்றே பினாங்கில் 1949-இல் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பட்டு, பயின்றவர்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குச் சென்றனர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவர்கள் முன் வாயைத் திறந்தவர்கள் இங்கும் இருப்பீர்கள். அந்தப் பணி இன்றும் நடக்கின்றது. வீட்டில் நாம் விதைக்கும் அச்சத்தை அவர்கள் ஒருவராய்க் களைய முடியாது.

செலவையும் ஊதியத்தையும் பற்றிய கவலையும் அச்சத்தின் ஒரு வகைதான். அரசாங்கப் பல் மருந்தகங்கள் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் போன்ற ஊர்களிலும் உள்ளன. கடினமான பல்லை அங்கிருந்து மலாக்கா மருத்துவமனையின் வாய் அறுவைப் பிரிவிற்கு அனுப்புவர். பல் மருத்துவர் தரும் ஓய்வுச் சான்றும், ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பில் சேரும் என்று 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் கூறுகின்றது. இரண்டாண்டிற்குக் குறைந்த பணிக்கு ஆண்டிற்கு 14 நாட்கள், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 18, அதற்குமேல் 22 என்பது கணக்கு. விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிருவாகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இதில் தவறிச் சம்பளத்தை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உறங்கிவிடாதீர்கள். அன்றே யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

பல்லெடுத்த அன்று, வைத்த பஞ்சுத்துணியை அரைமணி நேரம் கடித்திருங்கள். அன்று முழுவதும் வாய் கொப்பளிக்கவும், காறித் துப்பவும், உறிஞ்சி குடிக்கவும் வேண்டாம். குழியில் உறையும் இரத்தமே ஆறுவதற்கான மூடி. அதைப் பெயர்த்துவிட்டால் மூன்று நாள் கழித்துக் கடுமையான வலி தொடங்கும். சிகரெட்டும் வெற்றிலை பாக்கும் அந்த மூடிக்குப் பகை. உதட்டின் மரப்பு நீங்குமுன் வலி மாத்திரையை விழுங்கிவிடுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கூடுதலாக இருக்கும். ‘முதல்நாள் இல்லாத வீக்கம் இன்று வந்துவிட்டதே’ என்று அஞ்ச வேண்டாம். எச்சில் இளஞ்சிவப்பாக வருவதும் இயல்பு. ஆனால் கடித்து அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, அடங்கிய வலி மீண்டும் ஏறினாலோ, குறித்த நாள் வரை காத்திராமல் திரும்பிச் செல்லுங்கள்.

நான் ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். காண்டா வாளியைத் தூக்கக் குனிந்தபோது தாடையில் விண்ணென்று தெறித்தது. மண்டோர் பார்த்துவிட்டு, இரண்டு நாளைக்கு என் வாளியை வேறொருவரைத் தூக்கச் செய்தார். மாலையில் லயத்தில் எல்லாரும் கூடி, எப்படி இருந்தது என்று கேட்டனர். ஊசி வலித்தது, மூன்றாம் நாள் வீக்கம் தொல்லை தந்தது, பல்லை எடுத்தபோது வலிக்கவில்லை என்றேன். கதை சுவையாக இல்லாததால் கூட்டம் சீக்கிரம் கலைந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் நான் பின்வாயில் அருகிலுள்ள மேசையில் சிறிது நேரம் அமர்ந்திருப்பேன். எல்லார் முன்னிலையிலும் கேட்கத் தயங்குவோர் அங்கு வந்து கேட்கலாம். மருந்தகத்திற்கு முதன்முறை தனியே செல்ல அஞ்சுவோர் பெயர் தந்தால், உடன் வருவதற்கு ஓர் ஆளைத் தேடித் தருகிறேன்.